பழைய காருக்கு ஆட்டோ ஹோல்டு: எந்த வழியை நம்பலாம்?

சிக்னலில் வண்டி நின்றதும் பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிடலாம். ஆக்ஸிலரேட்டரைத் தொட்டால் பிடி தானாக விடும். ஆட்டோ ஹோல்டு உள்ள காரை ஒரு வாரம் ஓட்டிவிட்டுப் பழைய காருக்குத் திரும்பினால், நெரிசலில் வலது கால் எவ்வளவு உழைக்கிறது என்பது அப்போதுதான் உறைக்கும். சரி, இதை நம்ம வண்டியிலும் போட முடியுமா? சில கார்களில் முடியும். சிலவற்றில் போடவே கூடாது.

கம்பெனியிலிருந்தே வரும் ஆட்டோ ஹோல்டில் இரண்டு பிடிகள் உண்டு. பெடலை மிதித்ததும் உண்டாகும் பிரேக் ஆயில் அழுத்தத்தை ஈஎஸ்சி (வண்டி சறுக்காமல் ஒவ்வொரு சக்கரத்தின் பிரேக்கையும் கட்டுப்படுத்தும் அமைப்பு) யூனிட்டின் வால்வுகள் மூடி நிறுத்திக்கொள்கின்றன. வண்டி நகரப் பார்த்தால் பம்ப் ஓடி அழுத்தத்தை ஏற்றுகிறது. இது முதல் பிடி. சில நிமிடங்கள் கடந்தாலோ, ஓட்டுபவர் பெல்ட்டைக் கழற்றினாலோ, கதவைத் திறந்தாலோ, பெரும்பாலான கார்களில் எலெக்ட்ரிக் பார்க்கிங் பிரேக் தானே விழுந்துவிடும். இது இரண்டாவது பிடி. எந்த வழியைப் பார்த்தாலும் இந்த இரண்டாவது பிடி இருக்கிறதா என்றுதான் நான் முதலில் கேட்பேன்.

பிரேக் லைனை வெட்டி இடையில் சொலினாய்டு வால்வு (மின்சாரத்தால் மூடும் வால்வு) வைப்பதுதான் இருப்பதிலேயே ஆபத்தான வழி. இழுவைப் பந்தயக் கார்களில் 'லைன் லாக்' என்று போடுவார்கள். முன் சக்கரங்களைப் பிடித்துவைத்து, பின் டயரைச் சுழற்றிச் சூடேற்ற அது பயன்படும். சில நொடி வேலைதான். அதைத் தெருவுக்குக் கொண்டுவந்தால் கதையே வேறு. வால்வை இயக்கும் மின்கம்பிச் சுருள் சூடாகும். அழுத்தம் கசிந்து இறங்கினால் ஏற்றிவிடப் பம்ப் கிடையாது. மின்சாரம் போனால் பிடியும் போய்விடும். ஓடும்போது வயரிங் கோளாறால் வால்வு மூடிக்கொண்டால், மிதித்த பிரேக் விடாமல் நிற்கும். இன்னொன்றையும் பலர் யோசிப்பதில்லை: பிரேக் லைட் சுவிட்ச் பெடலில் இருக்கிறது. காலை எடுத்ததும் லைட் அணையும். பின்னால் வருபவருக்கு நீங்கள் நிற்பது தெரியாது. தெரிந்தவர் ஒருவர் இப்படிப் பொருத்தி ஓட்டினார். சரிவில் நின்று பேசிக்கொண்டிருக்கும்போதே வண்டி விரற்கடை விரற்கடையாக இறங்கியதை நானே பார்த்தேன். அன்றைக்கே அதைக் கழற்றச் சொன்னேன்.

கை பிரேக் கேபிளை மோட்டாரால் இழுக்கும் கிட் அந்த அளவுக்கு மோசமில்லை. பிடி முழுக்க இயந்திரப் பிடி என்பதால் ஆயில் கசிவுக்கு இடமில்லை. ஆனால் இறுக்கவும் விடவும் நேரம் எடுக்கும், பின் சக்கரங்களை மட்டுமே பிடிக்கும், அடிக்கடி இழுபட்டுக் கேபிள் சீக்கிரம் தளரும். நிறுத்திவைக்க வசதிதான், நின்று நின்று நகரும் நெரிசலுக்கு ஒத்துவராது.

ஏற்கெனவே எலெக்ட்ரிக் பார்க்கிங் பிரேக்கும் ஈஎஸ்சியும் உள்ள கார் என்றால் அதிர்ஷ்டம். 2005-இல் வந்த ஆறாம் தலைமுறை ஃபோக்ஸ்வேகன் பஸாட்டிலேயே ஆட்டோ ஹோல்டு உண்டு. அதனால் 'பழைய கார்' என்றதும் கைவிட்டுவிட வேண்டாம். கியர் லீவர் பக்கத்தில் எழுத்தில்லாத போலி பட்டன் ஒன்று இருக்கிறதா பாருங்கள். விலை குறைந்த மாடலில் அசல் பட்டனை மட்டும் வைக்காமல் விட்டிருப்பார்கள். அதன் இடத்தில் அசல் சுவிட்சை வைத்து, ஒயர் இழுத்து, ஓபிடி போர்ட் (மெக்கானிக் தன் கருவியைக் காரோடு இணைக்கும் சாக்கெட்) வழியாகக் கோடிங்கை, அதாவது காரின் கணினியில் உள்ள அமைப்பை, மாற்றினால் போதும். ஈஎஸ்சியையும் சேர்த்து இயக்கும் உங்கள் ஏபிஎஸ் யூனிட்டின் பாகம் எண் அதை ஏற்குமா என்பதை மட்டும் முதலிலேயே உறுதிசெய்துகொள்ளுங்கள். பழைய கோடிங்கைச் சேமித்துவைக்காமல் கை வைக்கும் மெக்கானிக்கிடம் வண்டியை விடாதீர்கள்.

ஆட்டோ ஹோல்டு இருந்தும் ஒவ்வொரு ஸ்டார்ட்டிலும் அணைந்துவிடும் கார்களுக்குக் கடைசி நிலையை நினைவில் வைக்கும் சின்ன மாட்யூல் கிடைக்கிறது. பட்டனை நமக்குப் பதிலாக அது அழுத்துகிறது, அவ்வளவுதான். பிரேக் லைனைத் தொடுவதில்லை.

ஏற்றத்தில் கிளம்பும்போது வண்டி பின்னால் உருளாமல் பிடிக்கும் ஹில் அசிஸ்ட் இருப்பதால் ஆட்டோ ஹோல்டும் வந்துவிடும் என்று நினைக்காதீர்கள். அது ஏறக்குறைய இரண்டு நொடிதான் பிடிக்கும்.

கோடிங் முடிந்ததும் சமதளமான காலி இடத்தில் வண்டியை நிறுத்தி, ஹோல்டு விளக்கு எரியும்போது பெல்ட்டைக் கழற்றிப் பாருங்கள். அடுத்து கதவைத் திறந்து பாருங்கள். கால் பெடலுக்கு மேலேயே இருக்கட்டும். பின் சக்கரப் பக்கம் மோட்டார் 'க்ர்ர்' என்று இறுக்கும் சத்தம் கேட்க வேண்டும். இரண்டுக்குமே கேட்கவில்லை என்றால் பழைய கோடிங்கைத் திரும்பப் போட்டுவிடுங்கள்.