ஃபைட்டா, குவாரலா? ‘சண்டை’க்கு எந்த ஆங்கிலச் சொல்

தமிழில் வாய்ச்சண்டையும் சண்டைதான், கைகலப்பும் சண்டைதான். ஆங்கிலத்தில் எழுத உட்கார்ந்தால்தான் குழப்பம்.

பொருள்
ஃபைட்: அடிதடி, போர், வாக்குவாதம் எல்லாமே.
குவாரல்: வாய்த்தகராறு, மனஸ்தாபம். கை ஓங்கினால் இந்தச் சொல் போதாது.

எதிரில் யார்?
ஃபைட்: ஆள், நோய், தீ, வறுமை எதுவும் வரலாம்.
குவாரல்: பெரும்பாலும் ஆள்தான். ஒரு முடிவோடு ‘குவாரல்’ என்றால் அதை ஆட்சேபிப்பது என்று பொருள்.

இறந்தகாலம்
ஃபைட்: ‘ஃபாட்’. ‘ஃபைட்டட்’ என்று ஒரு சொல்லே கிடையாது.
குவாரல்: ‘குவாரல்டு’. பிரிட்டிஷ் எழுத்தில் இரண்டு ‘எல்’, அமெரிக்க எழுத்தில் ஒன்று.

‘வித்’ என்னும் பொறி
பலர் வழுக்குவது இங்கேதான். ‘ஹி ஃபாட் வித் தி பிரிட்டிஷ்’ என்றால் பிரிட்டிஷாரை எதிர்த்தாரா, அவர்கள் பக்கம் நின்றாரா? இரண்டுக்கும் இடமுண்டு. எதிர்த்தார் என்றால் ‘அகைன்ஸ்ட்’, சேர்ந்து என்றால் ‘அலாங்சைடு’ போடுங்கள். ‘குவாரல் வித்’தில் இந்தச் சிக்கல் இல்லை, எதிராளி மட்டுமே. காரணத்தைச் சொல்ல ‘ஓவர்’ அல்லது ‘அபவுட்’.

எங்கே எது?
அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கிறார்களா? குவாரல். தெருவில் இருவர் உருண்டு புரண்டால் ஃபைட். ஒருவர் மட்டும் அடித்து மற்றவர் வாங்கியிருந்தால், புகார் மனுவில் ஃபைட் என்று எழுதாதீர்கள். இருவரும் அடித்துக்கொண்டதாகப் படும். அதற்கு ‘அசால்ட்’. சம்பளம், போனஸ் தகராறுக்கு இரண்டுமே வேண்டாம். 1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறு சட்டத்தின் பெயரிலேயே இருந்தது ‘டிஸ்பியூட்’.