கைடு கேமரா வாங்கணுமா, ஒரே கேமரா போதுமா?

கோவையில் மொட்டைமாடியிலிருந்து நெபுலாக்களையும் நட்சத்திரக் கொத்துகளையும் படமெடுப்பவன் நான். வானம் சுழல்வதற்கு ஏற்ப தொலைநோக்கியைத் திருப்பும் தாங்கிதான் மவுண்ட். அது சரியாகத் திரும்புகிறதா என்று கண்காணிக்கும் சின்னத் தொலைநோக்கியும் கேமராவும்தான் கைடு ஸ்கோப், கைடு கேமரா. அவற்றைத் தனியாக வாங்காமல், இருக்கிற ஒரே கேமராவைப் படமெடுக்கவும் கண்காணிக்கவும் ஓட்டுவதென்று முடிவெடுத்தேன்.

தனி கைடு கேமரா இருந்தால் பிஹெச்டி2 மென்பொருள் ஒரு நட்சத்திரத்தைப் பிடித்துக்கொண்டு மவுண்டைத் திருத்திக்கொண்டே இருக்கும். 3 நிமிடம், 5 நிமிடம் எக்ஸ்போஷர் தாராளமாகப் போகலாம். ஒரே கேமரா என்றால் 10 நொடிப் படங்கள்தான். ஒவ்வொரு படத்திலும் நட்சத்திரங்கள் எவ்வளவு நகர்ந்தன என்று கணினி அளந்து, அடுத்த படத்துக்குள் மவுண்டைத் திருத்தும். செலவு, எடை, கேபிள் எல்லாம் குறைவு என்பது தெரிந்ததே.

"10 நொடியில் என்ன பதியும்?" என்பதுதான் எல்லோரும் கேட்பது. பழைய சிசிடி வகைச் சென்சார் கேமராக்களில் ரீட் நாய்ஸ், அதாவது ஒவ்வொரு படத்தையும் சென்சாரிலிருந்து படிக்கும்போது சேரும் இரைச்சல், 8 எலக்ட்ரான் அளவில் இருந்தது. அன்று அது நியாயமான கேள்வி. என்னுடைய ஐஎம்எக்ஸ்533 சென்சாரில் அது சுமார் 1.5தான். நகர வானத்தின் வெளிச்சம் ஒரு பிக்சலில் நொடிக்கு 3 எலக்ட்ரான் சேர்க்கிறது என்று வைத்துக்கொள்வோம். 10 நொடியில் 30. அந்த வெளிச்சம் தரும் இரைச்சலின் வர்க்கமும் இதே 30தான். ரீட் நாய்ஸின் வர்க்கம் 2.25. அதனால் மொத்த இரைச்சல் கூடுவது 4 சதவீதம்கூட இல்லை! சிசிடியில் அதே வர்க்கம் 64, வானத்தையே விழுங்கிவிடும். ஆக, ஒளி மாசுள்ள ஊரில் மொத்த நேரம் ஒன்றாக இருந்தால், 10 நொடிப் படங்களை அடுக்கினாலும் 3 நிமிடப் படங்களை அடுக்கினாலும் பெரிய வித்தியாசம் வராது.

நம் ஊருக்கு இன்னொரு சௌகரியமும் உண்டு. இங்கே துருவ நட்சத்திரம் 11 டிகிரி உயரத்தில்தான் நிற்கிறது. பக்கத்து அடுக்குமாடியே மறைத்துவிடும். அதைப் பார்த்து மவுண்டின் அச்சை வானத்தின் துருவத்துக்கு நேராக வைப்பது (போலார் அலைன்மென்ட்) சிரமம். ஆனால் அது அரை டிகிரி தவறினாலும் 10 நொடியில் நகர்வு அதிகபட்சம் 1.3 விகலைதான் (ஒரு டிகிரியில் 3600 விகலை). 400 மி.மீ. குவியத் தூரத்தில் அது ஒரு பிக்சலுக்கும் குறைவு. 1000 மி.மீ.க்கு மேல் நான் ஓட்டிப் பார்த்ததில்லை, அங்கே கணக்கு மாறலாம்.

நெபுலாவின் ஹைட்ரஜன் உமிழும் சிவப்பு ஒளியை மட்டும் விடும் ஹைட்ரஜன்-ஆல்ஃபா ஃபில்டர் போட்டால் கதை வேறு. வான வெளிச்சம் பல மடங்கு குறைந்து, ரீட் நாய்ஸ் மேலே வந்துவிடும். அந்தத் திட்டம் உள்ளவர்கள் தயங்காமல் கைடு கேமரா வாங்குங்கள். இருண்ட மலைப்பகுதிக்குப் போகிறவர்களுக்கும் அதையே சொல்வேன்.

ஒரே கேமராவோடு நிற்பவர்கள் மிச்சமாகும் பணத்தில் எஸ்எஸ்டி வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரத்துக்கு 360 படம், படத்துக்கு 18 எம்பி. ஆறரை ஜிபி ஆகிவிடும். சில படங்களுக்கு ஒருமுறை மவுண்டைச் சற்று நகர்த்தும் டிதரிங்கையும் போட்டுவிடுங்கள். இல்லையென்றால் அடுக்கிய படத்தில் சாய்வாகக் கோடு கோடாக இரைச்சல் தெரியும்.