ஒட்டுத் தெரியாத சுங்குடிப் புள்ளிகள்: கிரிட்டா பயன்படுத்திய அனுபவம்

மதுரையில் சுங்குடிச் சேலை விற்கும் கடை ஒன்றுக்கு இணையதளம் அமைக்கும் வேலை வந்தபோது, பக்கத்தின் பின்னணியில் சுங்குடிப் புள்ளிகளே இருக்க வேண்டும் என்று கடைக்காரர் கேட்டுக்கொண்டார். நான் முதலில் காசு கொடுத்து ஒரு டெக்ஸ்சர் தொகுப்பை, அதாவது பின்னணியாக அடுக்கிப் போடும் சிறு படங்களின் தொகுப்பை, வாங்கினேன். இந்தியத் துணி வகைகள் என்ற பெயரில் அதில் இருந்தவை பெரும்பாலும் பாந்தனி என்னும் வடநாட்டு முடிச்சுச் சாயத் துணியின் வடிவங்கள். 2005இல் புவிசார் குறியீடு பெற்ற ஒரு துணியை விற்கும் பக்கத்தில் வேறு ஊர்ப் புள்ளியை வைப்பது சரியாகாது. போதாததற்கு, ஒட்டே தெரியாது என்று சொல்லி விற்ற படங்களை அடுக்கிப் பார்த்தால், சிலவற்றில் ஓரங்கள் சேரும் இடத்தில் மெல்லிய கோடு ஓடியது. "என்ன தம்பி, கட்டம் போட்ட துணி மாதிரி தெரியுது?" என்று கடைக்காரர் கேட்டதும், நானே வரைந்துவிடலாம் என்று முடிவு செய்து கிரிட்டாவைத் திறந்தேன்.

கிரிட்டா இலவசமாகக் கிடைக்கும் ஓவிய மென்பொருள். அதில் டபிள்யூ விசையை அழுத்தினால், வரைந்துகொண்டிருக்கும் படம் நான்கு பக்கமும் முடிவில்லாமல் அடுக்கப்பட்டுத் தெரியும். வலது ஓரத்தைத் தாண்டிப் போகும் தூரிகைக் கோடு அந்தக் கணமே இடது ஓரத்தின் வழியாக உள்ளே வரும். ஃபோட்டோஷாப்பில் படத்தை நகர்த்தும் ஆஃப்செட் ஃபில்டரைப் போட்டு, 512 பிக்சல் படத்தைக் கிடையாகவும் நெடுக்காகவும் பாதி அளவு, அதாவது 256 பிக்சல், நகர்த்தி, நடுவில் வந்து நிற்கும் ஒட்டைத் திருத்தி, மறுபடி நகர்த்திப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்பது புரியும். விசையை அழுத்தியும் ஒன்றும் நடக்கவில்லை என்றால், அமைப்புகளில் கேன்வாஸ் கிராஃபிக்ஸ் ஆக்சலரேஷன் (கிராஃபிக்ஸ் சில்லைக் கொண்டு படத்தைக் காட்டும் வசதி) இயக்கத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

வரைவதற்கு முன் கடையில் ஒரு சேலையை விரித்து அருகில் வைத்துக்கொண்டேன். துணியைக் கிள்ளி நூலால் முடிச்சிட்டுச் சாயத்தில் முக்குவதால், நூல் இறுக்கிய இடம் மட்டும் வெளுத்து வளையமாக நிற்கிறது. அதன் நடுவே கடுகளவு சாயம் ஏறியிருக்கிறது. எந்த வளையமும் முழு வட்டமாக இல்லை. ஆகவே ஒரே புள்ளியை நகலெடுத்து ஒட்டாமல் ஒவ்வொன்றையும் கையால் வரைந்தேன். இங்கே ஒரு பாடம் கிடைத்தது. ஒட்டு மறைந்தாலும் அடுக்கு மறைந்துவிடுவதில்லை. ஒரு புள்ளி மட்டும் சற்றுப் பெரிதாக விழுந்துவிட்டால், என் படம் 512 பிக்சல் என்பதால் 512 பிக்சலுக்கு ஒருமுறை அதே புள்ளி திரும்ப வந்து, திரை முழுவதும் வரிசை கட்டிக் கண்ணை இழுக்கும். அடுக்கு கண்முன்னே இருந்ததால், துருத்திய புள்ளிகளை வரையும்போதே கண்டு திருத்த முடிந்தது. இந்த வசதிக்காகவே கிரிட்டாவைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன்.

நிறங்கள் மூன்று நான்குதான் என்பதால் குறைந்த நிறங்களை மட்டும் பட்டியலிட்டு வைக்கும் இண்டெக்ஸ்டு பிஎன்ஜி வகைக் கோப்பாகச் சேமித்தேன். கோப்பு மிகச் சிறிதாக அடங்கியது. இணையப் பக்கத்தின் தோற்றத்தை எழுதும் மொழியான சிஎஸ்எஸ்ஸில் பின்னணிப் படம் தானாகவே இரு திசையிலும் அடுக்கிக்கொள்ளும் என்பதால் அதற்குத் தனியாக எதுவும் எழுத வேண்டியதில்லை. படத்தின் அளவை மட்டும் பாதியாக, 256 பிக்சல் என்று கொடுத்தேன். பிக்சல்கள் நெருக்கமாக உள்ள இன்றைய கைபேசித் திரைகளில் வளையங்கள் மங்காமல் தெரிய அது உதவுகிறது.

ஆத்தங்குடித் தரைக்கல் போன்ற கணக்கான வடிவங்களுக்குக் கிரிட்டாவைவிட இங்க்ஸ்கேப் என்னும் கோட்டோவிய மென்பொருளே பொருத்தம். அதில் ஒரு கட்டத்தை வரைந்தால் மற்றவை அதன் நகல்களாகவே அமைந்து, ஒன்றைத் திருத்தினால் எல்லாம் திருந்தும்.

புள்ளிகள் எவ்வளவு அழகாக வந்தாலும் விலையும் விவரமும் எழுதும் இடத்தில் அவை வேண்டாம். எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 என்ற விகிதத்தில் ஒளி வேறுபாடு (கான்ட்ராஸ்ட்) இருக்க வேண்டும் என்பது இணைய அணுகல் விதி. வெள்ளை வளையத்தின் மேல் விழும் எழுத்தும் அடர்சிவப்பின் மேல் விழும் எழுத்தும் ஒரே நிறத்தில் இருந்தால் இரண்டில் ஒன்று படிக்க முடியாமல் போகும். எனவே எழுத்துக்குக் கீழே வெறும் சந்தன நிறத்தை விட்டு, புள்ளிகளைப் பக்கத்தின் இரு ஓரங்களில் மட்டும் ஓடவிட்டேன்.