தாலாட்டு நடுவில் நின்ற பதிவு: ஓர் ஆடியோ இன்டர்ஃபேஸுடன் மூன்று ஆண்டுகள்

கானாடுகாத்தானில் ஒரு வீட்டு வளவில் ஆச்சி தாலாட்டுப் பாடிக்கொண்டிருந்தார். மாமன் ரங்கூனிலிருந்து வளையல் வாங்கிவரும் இடம். என் ஹெட்போனில் ‘டொக்’ என்று ஓர் ஓசை, பிறகு ஒன்றுமில்லை. இன்டர்ஃபேஸின் பச்சை விளக்கு அணைந்து மறுபடி எரிந்தது. திரையில் ஒலி அலை மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது. ஆச்சி முழுவதும் பாடி முடித்துவிட்டு, “எல்லாம் வந்துவிட்டதா தம்பி?” என்றார். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

மைக்கின் ஒலியைக் கணினிக்குப் புரியும் எண்களாக மாற்றி அனுப்பும் பெட்டிதான் ஆடியோ இன்டர்ஃபேஸ். இரண்டு மைக் செருகும் இந்தச் சிறிய யூஎஸ்பி இன்டர்ஃபேஸைக் காரைக்குடியில் என் அறையில் இரண்டு ஆண்டுகள் குறையில்லாமல் பயன்படுத்தியிருக்கிறேன். முதிய குரலின் நடுக்கத்தைக்கூட அப்படியே பிடித்துத் தரும். வெளியே எடுத்துப் போகத் தொடங்கிய பிறகுதான் தொல்லை வந்தது.

முதலில் தவறான வழியில் போனேன். கருவியைக் கணினியோடு பேசவைக்கும் டிரைவர் மென்பொருளை நீக்கி மறுபடி நிறுவினேன். கணினி ஒலியைக் கையாளும்முன் தேக்கிவைக்கும் பஃபரை 128 மாதிரிகளிலிருந்து (சாம்பிள்) 1024 ஆக்கினேன். நொடிக்கு 48,000 மாதிரிகள் எடுக்கும் 48 கிலோஹெர்ட்ஸில் அது 3 மில்லி செகண்டுக்கும் குறைவான அவகாசத்தை 21 மில்லி செகண்டாகக் கூட்டும். ஒலியில் படபடவென்று பொரிகிற சத்தம் கேட்டால் அது நல்ல மருந்து. கணினிக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கும். ஆனால் என் கருவி பொரியவில்லை, இணைப்பே அறுந்து மறுபடி சேர்ந்தது. இரண்டும் வேறு வேறு நோய். இதைப் புரிந்துகொள்ள எனக்கு மூன்று பதிவுகள் பலியாயின.

அறையில் நான் வைத்திருந்தது ஒரு டைனமிக் மைக். அதற்கு மின்சாரம் வேண்டாம். ஆச்சி வீட்டில் வைத்தவை இரண்டு கன்டென்சர் மைக்குகள். அவை இயங்க மைக் கேபிள் வழியாகவே மின்சாரம் போக வேண்டும். ஃபேன்டம் பவர் என்ற அந்த 48 வோல்ட்டை இரண்டுக்கும் இன்டர்ஃபேஸ் தன் யூஎஸ்பி மின்சாரத்திலிருந்தே உண்டாக்கித் தர வேண்டும். யூஎஸ்பி 2.0 துளை தருவது 5 வோல்ட்டில் 500 மில்லி ஆம்பியர், அவ்வளவுதான். நானோ லேப்டாப்பில் துளை போதாமல் ஒரு துளையைப் பலவாக்கும், தனி மின்சாரம் இல்லாத ஹப் ஒன்றைச் செருகி, அதில் மவுஸ், பென் டிரைவ், இன்டர்ஃபேஸ் மூன்றையும் மாட்டியிருந்தேன். விதிப்படி அப்படிப்பட்ட ஹப் ஒரு துளைக்குத் தருவது 100 மில்லி ஆம்பியர். போதாததற்கு மூன்று மீட்டர் மெல்லிய கேபிள். வழியிலேயே வோல்ட்டேஜ் குறையும்.

ஹப்பைத் தூக்கி வைத்துவிட்டு, ஒரு மீட்டர் தடித்த கேபிளால் லேப்டாப்பில் நேராக இணைத்தேன். அறுபடுவது நின்றது. விண்டோஸின் பவர் அமைப்பில் ‘யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட்’ என்பதையும் அணைத்தேன். பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையே ஆச்சிகள் வெற்றிலை போட்டுப் பேசும்போது கருவி உறங்கிவிடாமல் இருக்க அது உதவியது.

கேபிள் நுழையும் இடத்தையும் பாருங்கள். ஜமுக்காளத்தில் குழந்தைகள் ஓடும் வீட்டில் ஒரு கால் பட்டாலே முனை ஆடும். நான் கேபிளை ஒரு வளையம் சுற்றி மேசைக்காலில் டேப்பால் ஒட்டிவிடுகிறேன்.

எர்த் சரியில்லாத பழைய வீடுகளில் சார்ஜரைச் செருகினால் ‘உம்ம்’ என்று 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் ஏறும். பாட்டரியிலேயே பதிவு செய்யுங்கள். ஆத்தங்குடிக் கல் பாவிய தரையின் எதிரொலிக்கு ஜமுக்காளத்தை இரட்டையாக விரித்தால் ஓரளவு அடங்கும்.

இப்போது கையடக்க ரெக்கார்டர் ஒன்றையும் பக்கத்தில் ஓடவிடுகிறேன். சென்ற தை மாதம் பள்ளத்தூரில் இரண்டரை மணி நேரம் இன்டர்ஃபேஸ் ஒருமுறைகூட அறுபடவில்லை. கருவியை மாற்றும் எண்ணம் எனக்கு இல்லை.

கானாடுகாத்தான் ஆச்சியிடம் திரும்பப் போனேன். மனம் கோணாமல் மறுபடி பாடினார். தாலாட்டு ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டப்படுவது. இந்த முறை மாமன் பினாங்கிலிருந்து வந்தார், கொண்டுவந்தது வெள்ளிக் கிண்ணம். ரங்கூன் வளையல் பாதியில் நிற்கும் பழைய பதிவையும் நான் அழிக்கவில்லை.