பழைய காரில் பாட்டு செட்டுக்குக் கரண்ட் எங்கிருந்து: ஏசிசியா, இக்னிஷனா, டைரக்ட் பேட்டரியா?

அம்பாசிடரும் மாருதி 800-உம் 2014-இலேயே உற்பத்தி நின்றுபோன வண்டிகள். ஆனாலும் ஓட்டுகிறவர்கள் ஓட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அவற்றில் புதுசாக புளூடூத் செட் மாட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். கடையில் டாஷ்போர்டைக் கழற்றியதும் எலக்ட்ரீஷியன் கேட்பார்: "சாவியில கொடுக்கவா சார், டைரக்டா கொடுத்துடவா?" பெரும்பாலானோர் "எது ஈசியோ அதைப் பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். அவருக்கு ஈசி டைரக்ட்தான். ஆனால் செட்டை அணைக்கிற வேலை சாவிக்கா, நம் கைக்கா என்பது அங்கேயே முடிவாகிவிடுகிறது. சாவியில் கொடுப்பதிலும் இரண்டு வழி: ஏசிசி (ரேடியோ போன்ற துணைக் கருவிகளுக்கு மட்டும் கரண்ட் தரும் முதல் படி), இக்னிஷன் (இன்ஜினுக்கும் கரண்ட் போகும் 'ஆன்' படி).

முதலில் செட்டின் பின்னால் இருக்கிற ஒயர்கள். இப்போது வெளியில் வாங்குகிற செட்களில் கறுப்பு எர்த். மஞ்சளுக்கு எப்போதும் 12 வோல்ட் வேண்டும். கடிகாரம், சேமித்து வைத்த ஸ்டேஷன்கள் எல்லாம் அதை நம்பித்தான். சிவப்பு, செட்டை எழுப்புகிற ஒயர். அதில் கரண்ட் வந்தால் செட் விழிக்கும், போனால் தூங்கும். மஞ்சளைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. சிவப்பை எங்கே கொடுப்பது என்பதில்தான் எல்லாச் சண்டையும்.

டைரக்ட் என்றால் மஞ்சளையும் சிவப்பையும் ஒன்றாக முறுக்கி பேட்டரி லைனில் கொடுத்துவிடுவது. இதில் ஒரு வசதி இருக்கிறது, மறுக்க முடியாது. சாவி வீட்டில் இருந்தாலும் பாட்டு கேட்கலாம். ஸ்டார்ட் அடிக்கும்போது சிவப்பு ஒயரில் கரண்ட் அறுபடாது. தொல்லை இறங்கிப் போகும்போதுதான். சத்தத்தைக் குறைத்திருப்போம், அணைத்திருக்க மாட்டோம். வெயிலில் டிஸ்ப்ளே எரிவது கண்ணுக்கே தெரியாது. செட் நடுத்தர சத்தத்தில் ஓர் ஆம்பியர், ஒன்றரை ஆம்பியர் இழுக்கும் என்று வைத்துக்கொள்வோம். மாருதி 800-இல் போடுகிற பேட்டரி 35 ஆம்பியர்-ஹவர் (ஆம்பியரை மணி நேரத்தால் பெருக்கிய கணக்கு) அளவுதான். இரவு பத்து மணி நேரம் ஓடினால் 10 முதல் 15 ஆம்பியர்-ஹவர் போச்சு. புது பேட்டரி அதைத் தாங்கிவிடும். மூன்று நான்கு வருஷம் உழைத்த பேட்டரியில் கொள்ளளவே பாதிதான் மிச்சம் இருக்கும்; காலையில் சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

சிலர் இதற்குப் பயந்து இரண்டு ஒயரையும் சாவிக்குப் பின்னால் கொடுத்துவிடுவார்கள். பேட்டரி பிழைக்கும். ஆனால் ஒவ்வொரு முறை வண்டியை அணைக்கும்போதும் பல செட்களில் கடிகாரம் முதலிலிருந்து ஓடும், ஸ்டேஷன்கள் மறந்துபோகும். மாதத்துக்கு ஒரு முறை எடுக்கிற வண்டி என்றால் இதுவே சரி. தினமும் ஓட்டுகிறவருக்கு எரிச்சல்தான்.

அப்புறம் இக்னிஷன் லைன். ஏசிசி என்ற இடமே இல்லாத சாவி உள்ள வண்டிகளில் இதைத்தான் செய்வார்கள். ஓடிக்கொண்டே கேட்பதென்றால் ஒரு குறையும் இல்லை. வண்டியை நிறுத்திவிட்டு, இன்ஜின் ஓடாமல், கிரிக்கெட் வர்ணனை கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவருக்குத்தான் இது ஆகாது. பாயின்ட் (இன்ஜின் சுற்றும்போது திறந்து மூடும் காண்டாக்ட்) வைத்த பெட்ரோல் வண்டியில் சாவி ஆன் ஆனதும் காயிலுக்கும் (ஸ்பார்க் பிளக்குக்கு உயர் வோல்ட் தரும் சுருள்) கரண்ட் போய்விடும். இன்ஜின் நின்ற இடத்தில் பாயின்ட் மூடியிருந்தால் அந்தக் கரண்ட் நிற்காமல் ஓடும். மூன்று ஓம் காயிலில் 12 வோல்ட் என்றால் நான்கு ஆம்பியர். கிட்டத்தட்ட 48 வாட் சூடு, உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு டப்பாவுக்குள். அரை மணி கழித்துப் பானெட்டைத் திறந்து காயிலைத் தொட்டால் கையை எடுத்துவிடுவீர்கள். ரேடியோ கேட்பதற்கு ஒன்றரை ஆம்பியர், அதற்கு வரியாகக் காயிலுக்கு நான்கு. பேட்டரி இறங்குவதோடு காயிலும் பாயின்ட்டும் சேர்ந்து கெடும். மின்னணு இக்னிஷன் வந்த வண்டிகளில் பெரும்பாலும் இன்ஜின் சுற்றாதபோது காயில் கரண்டை அதுவே நிறுத்திவிடும், ஆனாலும் எச்சரிக்கை விளக்குகள் எல்லாம் எரிந்துகொண்டுதான் இருக்கும். டீசல் அம்பாசிடருக்கு இக்னிஷன் காயிலே கிடையாது என்பதால் இந்தக் கவலையில் பெரும்பகுதி போய்விடும்.

இன்னொரு தொந்தரவு, சத்தம். காயிலுக்குப் போகிற லைனிலிருந்தே செட்டுக்கும் இழுத்தால் ஸ்பீக்கரில் 'டிக் டிக் டிக்' என்று கேட்கும்; ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க அதுவும் வேகமெடுக்கும். எஃப்எம்மைவிட மீடியம் வேவ் கேட்பவர்களுக்கு இது நன்றாகப் பழக்கப்பட்ட சத்தம்.

ஏசிசி என்கிற நிலையை வைத்ததே இதற்காகத்தான். சாவியை ஒரு படி திருப்பினால் ரேடியோவும் லைட்டர் சாக்கெட்டும் மட்டும் உயிர்பெறும், காயில் தூங்கும். மாருதி 800-இல் லாக், ஏசிசி, ஆன், ஸ்டார்ட் என்று வரிசை. ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும் நிலைக்கு வந்தால்தான் சாவி கையில் வரும் என்பதால், சாவியை எடுத்துக்கொண்டு இறங்கினால் செட் அணைந்தே ஆக வேண்டும். இந்தக் கட்டாயம்தான் இதன் பெரிய பலம். ஸ்டார்ட் அடிக்கும் நொடியில் ஏசிசி துண்டிக்கப்படும், பேட்டரி முழுக்க ஸ்டார்ட்டர் மோட்டாருக்கே போகட்டும் என்று. அதனால் செட் ஒரு தடவை அணைந்து எழும், புளூடூத் மறுபடி ஃபோனைத் தேடும். இதைக் குறையாகச் சொல்பவர்களுக்கு ஒன்று: ஸ்டார்ட்டர் இழுக்கும்போது பழைய பேட்டரியில் வோல்ட் 9, 10-க்கு இறங்கிவிடும். எந்த லைனில் கொடுத்திருந்தாலும் அந்த நேரத்தில் பல செட்கள் அணைந்துதான் எழும்.

சரி, அந்த ஒயரை எப்படிக் கண்டுபிடிப்பது? ஒயரின் நிறத்தை நம்பாதீர்கள். நமக்கு முன்னால் வண்டியில் எத்தனை பேர் கை வைத்தார்களோ. ஸ்டீயரிங் தண்டுக்குக் கீழே உள்ள மூடியைக் கழற்றினால் சாவி ஸ்விட்சின் கனெக்டர் தெரியும். டெஸ்ட் லேம்பின் (கரண்ட் இருந்தால் எரியும் சின்ன சோதனை விளக்கு) கிளிப்பை பாடியில் மாட்டிவிட்டு ஊசியை ஒவ்வொரு முனையாக வையுங்கள். சாவி இல்லாமலே எரிந்தால் அது பேட்டரி லைன். முதல் படியில் எரிய ஆரம்பித்து, ஆனிலும் எரிந்து, ஸ்டார்ட்டில் அணைந்தால் அதுதான் ஏசிசி. ஆனில்தான் எரியத் தொடங்கி ஸ்டார்ட்டிலும் அணையாமல் இருந்தால் அது காயிலுக்குப் போவது, தொடாதீர்கள். கியரை நியூட்ரலில் போட்டுவிட்டுச் செய்யுங்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

டைனமோ காலத்து அம்பாசிடர், மோரிஸ் என்றால் இதற்கெல்லாம் முன்னால் பேட்டரியைப் பாருங்கள். அவற்றில் பாசிட்டிவ் முனையை பாடியில் எர்த் செய்த வண்டிகள் உண்டு. மாற்றாமல் அப்படியே இருந்தால் இன்றைய செட்டை மாட்டிய மாத்திரத்தில் அது போய்விடும்.

சாவியில் ஏசிசி இல்லாத வண்டிக்கு என் ஓட்டு இக்னிஷனுக்கு இல்லை, தனி ஸ்விட்சுக்குத்தான். பேட்டரியிலிருந்து ஃபியூஸ் போட்டு ஒரு லைன், அதில் மஞ்சள் நேராக; சிவப்பு மட்டும் டாஷ்போர்டுக்குக் கீழே ஒரு சின்ன ஸ்விட்ச் வழியாக. எரிகிற சிவப்புப் புள்ளி உள்ள ஸ்விட்சாக வாங்கினால் இறங்கும்போது கண்ணில் படும். மறதிக்காரர் என்றால் இதுவும் டைரக்ட் மாதிரிதான், ஆனால் காயிலாவது பிழைக்கும். டாஷ்போர்டைத் தொடவே மனசில்லாத விண்டேஜ் ஆட்கள், வண்டியில் ஏற்கெனவே எஃப்எம் ரேடியோ இருந்தால், லைட்டர் சாக்கெட்டில் எஃப்எம் டிரான்ஸ்மிட்டரைச் செருகிக்கொள்ளலாம், ஒலி சுமார்.

ஏசிசியில் ஒரு எச்சரிக்கை பாக்கி. இருபது வருஷம் தேய்ந்த சாவி ஸ்விட்சின் காண்டாக்ட் வழியாகப் பெரிய கரண்டை இழுக்கக் கூடாது. செட்டின் சிவப்பு ஒயருக்கு அது தாராளம், ஏனென்றால் உண்மையான பளு மஞ்சளில் ஓடுகிறது. ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்), சப்வூஃபர் என்று போனால் அவற்றுக்குத் தடித்த ஒயரை பேட்டரியிலிருந்தே இழுங்கள். ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும், செட்டுக்குப் பக்கத்தில் அல்ல. நடுவில் ஒயர் உரசி பாடியில் பட்டால் அதுதான் காப்பாற்றும். ஆம்ப்பை எழுப்ப செட்டின் பின்னால் வருகிற நீலம்-வெள்ளை ஒயர் போதும். அது இல்லாத செட் என்றால் ஏசிசியில் ஒரு ரிலே (சின்னக் கரண்டால் பெரிய கரண்டை இணைத்துத் துண்டிக்கும் ஸ்விட்ச்). ரிலேயின் 85, 86 முனைகளில் ஒன்று ஏசிசிக்கு, மற்றது எர்த்துக்கு. 30-இல் பேட்டரி, 87-இலிருந்து ஆம்ப். ரிலே காயில் 150 மில்லி ஆம்பியர் அளவுக்குத்தான் இழுக்கும், அதை எந்தப் பழைய சாவி ஸ்விட்சும் தாங்கும்.