ஓடியானா, பல்தசாரா, ரவுல்ஸா: நியூயார்க்கில் கையில் இருப்பது ஒரே ஒரு இரவு என்றால்

நியூயார்க் டவுன்டவுனில் ஒரு வகை உணவகம் உண்டு. பார்ப்பதற்குப் பாரிஸ் பிராஸரி, அதாவது கலகலப்பான ஃபிரெஞ்சு உணவகம். மெனுவில் ஸ்டேக் ஃப்ரீட்டுக்கு (மாட்டிறைச்சித் துண்டும் உருளை வறுவலும்) பக்கத்திலேயே பர்கர். இரவு ஒன்பது மணிக்கு மேல் சாப்பாடு பின்னுக்குப் போய், யார் வந்திருக்கிறார்கள், யாரோடு உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதே முக்கிய ஐட்டம் ஆகிவிடும். டிஜே கிடையாது, நடன மேடை கிடையாது. ஆனாலும் கிளப்புக்குப் போய் வந்த களைப்போடுதான் வெளியே வருவீர்கள்.

இந்த வகையில் என் கணக்கில் நிஜப் போட்டி மூன்று இடங்களுக்குள்தான். சோஹோவில் ரவுல்ஸ் (1975), டிரைபெக்காவில் ஓடியான் (1980), மறுபடி சோஹோவில் பல்தசார் (1997). இதே வகையில் உள்ள பாஸ்டிஸ், மினெட்டா டாவர்ன் உணவகங்களின் ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள். அவர்களுக்கும் கீழே இடம் வைத்திருக்கிறேன்.

முதலில் யார் கட்டியது என்று பார்த்துவிடுவோம், ஏனென்றால் அதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. மூன்றில் அச்சு அசலாகப் பாரிஸ் மாதிரி இருப்பது பல்தசார். அதைக் கட்டிய கீத் மெக்னலி கிழக்கு லண்டன்காரர், துறைமுகத் தொழிலாளியின் மகன். 1970களின் நடுவில் நியூயார்க் வந்து உணவகங்களில் வேலை பார்த்து மேலே வந்தவர். ஓடியானைத் தொடங்கியதும் அவர்தான். கூட இருந்தவர்கள் அண்ணன் பிரையனும், பின்னாளில் மனைவியான லின் வேகன்கெக்ட்டும். மணமுறிவுக்குப் பின் ஓடியான் லின் கைக்குப் போனது. மூன்றில் நிஜ ஃபிரெஞ்சுக்காரர்கள் தொடங்கியது ரவுல்ஸ் மட்டும்தான். அல்சாஸ் பகுதியிலிருந்து வந்த செர்ஜ், கீ என்ற இரண்டு சகோதரர்கள் ஒரு பழைய இத்தாலிய உணவகத்தை வாங்கி, பெரிதாக எதையும் இடிக்காமல் அப்படியே நடத்த ஆரம்பித்தார்கள். விளைவு, ஃபிரெஞ்சுக்காரர்கள் கட்டியது நியூயார்க் மாதிரி இருக்கிறது, ஆங்கிலேயர் கட்டியது பாரிஸ் மாதிரி இருக்கிறது. பாரிஸில் வளராதவருக்குத்தான் பாரிஸ் எப்படி இருக்க வேண்டும் என்று துல்லியமாகத் தெரியும் போலிருக்கிறது!

பல்தசார் இருக்கும் ஸ்பிரிங் தெரு இடம் முன்பு தோல் மொத்த வியாபாரக் கடை. இன்று உள்ளே நுழைந்தால் நூறு வருஷமாக அங்கேயே இருப்பது போன்ற பிரமை. மங்கிய பெரிய நிலைக்கண்ணாடிகள், சுவரோரமாக நீளும் சிவப்பு பேங்க்கெட் இருக்கைகள், புகையேறிய மஞ்சளில் சுவர்கள், ஐஸ் மேல் சிப்பியும் இறாலும் அடுக்கடுக்காக வைத்துத் தூக்கி வரும் தட்டுகள். மெக்னலிக்கு விளக்கு வெளிச்சத்தில் ஒரு வெறி உண்டு என்பது அந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். அந்த வெளிச்சத்தில் யாருக்கும் பத்து வயது குறையும். கண்ணாடிகளின் வேலை வேறு. சுவரைப் பார்த்து உட்கார்ந்தவருக்கும் மொத்த ஹாலும் தெரியும், திரும்பிப் பார்க்கிற அநாகரிகம் இல்லாமல். இந்த அறையின் கவர்ச்சியில் பாதி இதுதான். மீதி பாதி சத்தம். ஓடு, கண்ணாடி, நெருக்கமான மேசைகள் என்று எல்லாம் ஒலியைத் திருப்பி அடிக்கும். காதலைச் சொல்ல நினைத்துப் போனால் பக்கத்து மேசைக்கும் சேர்த்துச் சொல்லிவிட்டுத்தான் வரவேண்டும்.

அறைதான் விற்பனைச் சரக்கு என்பதற்கு மெக்னலியே 2020-ல் இன்ஸ்டாகிராமில் ஒரு கதை சொன்னார். பல வருஷங்களுக்கு முன் ஒரு மேசையில் நான்கு வால் ஸ்ட்ரீட் ஆட்கள், 2,000 டாலர் மதிப்புள்ள 1989 மூத்தோன் ரோத்ஷீல்ட் என்ற ஃபிரெஞ்சு ஒயின் கேட்டார்கள். இன்னொரு மேசையில் ஒரு இளம் ஜோடி, இருப்பதிலேயே மலிவான சிவப்பு ஒயின், 18 டாலர் பினோ நுவார் கேட்டார்கள். இரண்டையும் ஒரே மாதிரி டிகேன்டரில் (ஒயின் பரிமாறும் கண்ணாடிக் குடுவை) ஊற்றியதில் இடம் மாறிப்போனது. மலிவு ஒயினை முகர்ந்து, சுழற்றி, அதன் தூய்மையைப் புகழ்ந்தார் வால் ஸ்ட்ரீட்காரர். அந்த ஜோடியோ, ஏதோ விலையுயர்ந்த ஒயின் குடிப்பது போல விளையாட்டுக்கு நடித்துக்கொண்டிருந்தார்கள். உண்மையைச் சொன்னபோது அந்த வால் ஸ்ட்ரீட்காரர், ‘எனக்கு அப்போதே சந்தேகம்தான்’ என்றாராம். சொல்லாமல் விடுவாரா!

ஓடியானுக்கு வருவோம். 1980-ல் டிரைபெக்கா என்றால் காலி கிடங்குகளும் இருட்டும்தான். அங்கே ஒரு பழைய கேஃபடீரியாவை எடுத்து, அதன் நியான் எழுத்தைக்கூட அப்படியே வைத்துக்கொண்டு, சமையலுக்கு பேட்ரிக் கிளார்க் என்ற இளம் கறுப்பின ஷெஃப்பை உட்கார வைத்தார்கள். ஃபிரெஞ்சுப் பயிற்சி பெற்றவர் அவர். ஃபிரெஞ்சு-அமெரிக்கச் சமையல் என்று இன்று சுலபமாகச் சொல்வதற்கு நியூயார்க்கில் உருவம் கொடுத்தவர்களில் ஒருவர். ஓவியர்கள் வார்ஹால், பாஸ்கியா, நகைச்சுவை நடிகர் ஜான் பெலூஷி எல்லாம் வந்து போன இடம். வோட்கா, குவான்ட்ரோ (ஆரஞ்சு மணமுள்ள மது), எலுமிச்சை, கிரான்பெரி சேர்த்து இன்று உலகமெங்கும் கிடைக்கும் காஸ்மோபாலிட்டன் காக்டெயிலின் வடிவத்தை 1980களின் பிற்பகுதியில் டோபி செக்கீனி கலக்கியதும் இந்த பாரில்தான். அந்தப் பானத்துக்கு உரிமை கேட்கும் வேறு சிலரும் உண்டு, அது வேறு பஞ்சாயத்து.

இன்றைய ஓடியானில் அந்த ஆட்டம் இல்லை. கிடங்குகள் எல்லாம் பல மில்லியன் டாலர் வீடுகளாகிவிட்டன, மாலை ஆறு மணிக்குப் போனால் தள்ளுவண்டிக் குழந்தைகள்தான் முன்வரிசை. ஆனால் மூன்றில் பேசிக்கொண்டே சாப்பிட முடிகிற இடம் இதுதான். மரப்பலகைச் சுவர், உருண்டை விளக்குகள், அவசரப்படுத்தாத பணியாளர்கள். அம்மா அப்பா ஊரிலிருந்து வந்திருக்கிறார்கள், கொஞ்சம் பளபளப்பான இடத்துக்கும் கூட்டிப்போக வேண்டும் என்றால் யோசிக்காமல் இங்கே போகலாம்.

ரவுல்ஸ் நேரெதிர். இருட்டு, குறுகலான ஹால், சுவரெல்லாம் படங்கள், அவற்றில் பெரியது ஒரு நிர்வாண ஓவியம். பின்பக்க அறைக்குப் போக வேண்டுமானால் சமையலறைக்குள் புகுந்து போக வேண்டும். சுழல் படிக்கட்டு ஏறினால் கழிவறை, கூடவே டேரோ சீட்டு பார்த்து ஜோசியம் சொல்பவர். ஒரு காலத்தில் இங்கே வேலை பார்த்த ராப் ஜோன்ஸ் என்பவர், பிரிட்டிஷ் பாடகி டஸ்டி ஸ்பிரிங்ஃபீல்டு மாதிரி வேடம் போட்டு இந்தப் படிக்கட்டில் பாடிக்கொண்டே இறங்கி வருவாராம். இரவு வாழ்க்கை என்பதைத் தனியாகத் திட்டமிட்டுச் செய்ததில்லை, வந்தவர்களும் வேலை பார்த்தவர்களும் சேர்ந்து அப்படி ஆக்கிவிட்டார்கள். பல்தசாரில் நீங்கள் பார்வையாளர். இங்கே உங்களுக்கும் ஒரு சின்ன வேஷம் உண்டு.

சாப்பாடு? மூன்றிலும் ஆச்சரியத்தை எதிர்பார்க்காதீர்கள், நம்பிக்கையை எதிர்பார்க்கலாம். ரவுல்ஸின் ஸ்டேக் ஓ ப்வாவ்ர், அதாவது மிளகு ஸ்டேக், மட்டும் விதிவிலக்கு. நசுக்கிய மிளகு மேலே தடித்துப் படிந்து, கோன்யாக் பிராந்தி சேர்த்த க்ரீம் சாஸோடு வரும். மிளகு சண்டித்தனம் செய்ய வேண்டும் என்று நினைக்கிற நம் நாக்குக்கு இதுதான் சரியான ஃபிரெஞ்சு அறிமுகம். பாரில் மட்டும் ஒரு இரவுக்கு 12 பர்கர்தான் என்று நெடுநாள் வைத்திருந்தார்கள்; அதற்காகக் கதவு திறக்கும் முன்பே வரிசை நிற்கும். மாட்டிறைச்சி சாப்பிடாதவர்களுக்கு ரவுல்ஸின் சின்ன மெனுவில் தேர்வு குறைவு. கோழி, மீன், சிப்பி என்று விரிந்து கிடப்பது பல்தசார். சைவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: வெங்காய சூப்தானே என்று ஏமாற வேண்டாம். அதன் அடித்தளம் மரபாக மாட்டெலும்புச் சாறு, கேட்டுவிட்டு வாங்குங்கள்.

பில்லில் பெரிய வித்தியாசம் இல்லை. ஒரு ஸ்டார்ட்டர், ஒரு மெயின், ஒரு காக்டெயில் என்றால் மூன்றிலும் ஆளுக்கு 100 டாலரைத் தாண்டிவிடும். மெனு விலையோடு 8.875 சதவீத வரி, அதற்கு மேல் டிப்ஸ். வரியை இரண்டால் பெருக்கினால் ஏறக்குறைய 18 சதவீதம் வரும், அதைக் கொஞ்சம் மேலே ஏற்றி வைத்துவிட்டு எழுந்தால் மரியாதை.

மினெட்டா டாவர்ன் 1937-லிருந்து இருக்கும் பழைய இடம், 2009-ல் மெக்னலி கைக்கு வந்தது. நாள்பட உலர்த்திய இறைச்சியில் செய்யும் பிளாக் லேபிள் பர்கருக்காக மட்டும் போகலாம், ஆனால் அது ஸ்டேக் ஹவுஸ் பக்கம் சாய்ந்துவிட்டது. மெக்னலியின் பாஸ்டிஸ் 1999-ல் திறந்தபோது சுற்றிலும் இறைச்சிக் கிடங்குகள். 2014-ல் மூடி 2019-ல் வேறு முகவரியில் மறுபடி திறந்தது. அழகாகத்தான் இருக்கிறது. பல்தசாரின் தங்கை என்பதற்கு மேல் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

ஆக, ஒரே இரவு என்றால் ரவுல்ஸ். இரண்டு பேருக்கு மேல் போகாதீர்கள், மேசை கிடைக்காவிட்டால் திறக்கும் நேரத்துக்கே போய் பாரில் உட்காருங்கள். மூன்று தலைமுறை சேர்ந்து போவதென்றால் ஓடியான். பல்தசாரை இரவிலிருந்து எடுத்துவிட்டு மறுநாள் காலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதே அறை, அதே கண்ணாடிகள், இரவுச் சத்தத்தில் பாதிகூட இருக்காது. முட்டையும் காபியுமாக முடித்துக்கொண்டால் பில்லும் வெகுவாகக் குறையும். அதற்கும் மனம் வராவிட்டால் பக்கத்திலேயே அவர்களுடைய பேக்கரி இருக்கிறது. குரோசான் வாங்கித் தின்றுகொண்டே ஸ்பிரிங் தெருவில் நடக்கலாம்.