கியூ விசையை அழுத்துவதற்கு முன்: ஏபிடி-லிஸ்ட்சேஞ்சஸ் அனுபவம்

மலேசியாவின் பத்தாங் பெர்ஜுந்தையில் அண்ணனின் மளிகைக்கடைக் கணக்கு முழுவதும் ஒரு பழைய கணினியில், டெபியன் என்கிற லினக்ஸ் இயங்குதளத்தில் ஓடுகிறது. (2007இல் ஊர்ப் பெயர் பெஸ்தாரி ஜெயா ஆகிவிட்டது. எங்கள் வாயில் இன்னும் பழைய பெயர்தான்.) வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் செம்பனைத் தோட்டத்து ஆட்கள். 7ஆம் தேதிக்குள் சம்பளம் வந்துவிடும், கடனை அடைக்கக் கூட்டம் நிற்கும். அந்த வாரம் நான் அப்கிரேட் (மென்பொருள்களைப் புதிய பதிப்புக்கு மாற்றுவது) பக்கமே தலைவைப்பதில்லை.

மற்ற நாள்களில் எனக்குத் துணை ஏபிடி-லிஸ்ட்சேஞ்சஸ் என்கிற சின்ன நிரல். அப்கிரேடுக்காக இறக்கிய பொதிகளை (மென்பொருள் மூட்டைகளை) நிறுவுவதற்கு முன்பே இது திறந்து பார்க்கும். நம்மிடம் உள்ள பதிப்புக்குப் பிறகு அந்தப் பொதியின் பராமரிப்பாளர் என்ன எழுதியிருக்கிறார் என்பதை மட்டும் உருவித் திரையில் காட்டும். எழுத்து இரண்டு வகை. சேஞ்ச்லாக் என்பது சின்னத் திருத்தம்வரை எல்லாவற்றையும் சொல்லும் நாட்குறிப்பு. நியூஸ் என்பது 'இதைப் படிக்காமல் போனால் உனக்குத்தான் நட்டம்' என்கிற ரகம்.

நான் ஆரம்பத்தில் பேராசைப்பட்டு இரண்டையும் காட்டச் சொல்லி வைத்திருந்தேன். 2023இல் டெபியன் 11இலிருந்து 12க்கு மாறிய இரவு, பக்கம் பக்கமாக ஓடியது. "என்னடா ஒரே இங்கிலீஷா ஓடுது, காலையில கட தொறக்கணும் லா" என்றார் அண்ணன். கியூ விசையை அழுத்தி வெளியே வந்துவிட்டேன்.

மறுநாள் காலை, பின்கட்டில் இருக்கும் பழைய சேமிப்புப் பெட்டிக்கு நகல் போகவில்லை. எஸ்எஸ்எச் என்கிற பாதுகாப்பான தொலை இணைப்பே கிடைக்கவில்லை. அரை நாள் கேபிளைப் பிடுங்கிப் பிடுங்கிச் சொருகினேன். காரணம் நான் தாண்டிப்போன அந்தக் குவியலுக்குள்தான் இருந்தது: அந்த இணைப்பைத் தரும் ஓப்பன்எஸ்எஸ்எச் மென்பொருளின் 8.8ஆம் பதிப்பு முதல், எஸ்எச்ஏ-1 என்கிற பழைய முறையைக் கொண்டு இடும் ஆர்எஸ்ஏ கையொப்பங்கள் (இணைப்பின்போது அடையாளத்தை உறுதிசெய்பவை) இயல்பாகவே முடக்கப்பட்டுவிட்டன. டெபியன் 11இல் இருந்தது 8.4, 12இல் வந்தது 9.2. பெட்டிக்கோ பழைய முறை மட்டுமே தெரியும். அந்த ஒரு பெட்டிக்கு மட்டும் பழைய முறையை அனுமதிக்கும் இரண்டு வரிகளும் அதே நியூஸ் குறிப்பில் இருந்தன.

அன்றே ஏபிடி-லிஸ்ட்சேஞ்சஸின் அமைப்புக் கோப்பில் மூன்று மாற்றங்கள் செய்தேன். நியூஸ் மட்டும் போதும். படித்து முடித்ததும் 'தொடரவா' என்று கேள். ஒரு பிரதியை ரூட் (நிர்வாகி) பயனருக்கு மின்னஞ்சலில் போடு. இந்த மூன்றாவதுதான் என்னைப் பொறுத்தவரை தங்கம். மத்தியானம் இடி மழையில் கரண்ட் போகுமோ என்ற பதற்றத்தில் திரையில் படிப்பது ஒன்று, இரவு தே ஓவோடு (பாலில்லாத் தேநீர்) உட்கார்ந்து படிப்பது வேறு.

குறையும் உண்டு. இது அப்கிரேட் ஆகும் பொதிகளைத்தான் கவனிக்கும். கடைக் கணக்கு இருக்கும் தரவுத்தளமான போஸ்ட்கிரெஸ் 13இலிருந்து 15 வந்தபோது மூச்சே விடவில்லை. ஏனென்றால் டெபியனில் அது வேறு பெயருள்ள புதுப்பொதி. 15 வந்து உட்கார்ந்திருக்க, கடைக் கணக்கு பழைய 13இலேயே ஓடிக்கொண்டிருந்தது. பராமரிப்பாளர் எதுவும் எழுதாவிட்டாலும் இதற்குச் சொல்ல எதுவும் இருக்காது. பைதான் பொதிகளை நிறுவும் பிப் வழியாக நாமே போட்டுக்கொண்டவை இதன் கணக்கிலேயே வராது.

புதுப்பெயரில் நுழையும் பொதிகளைப் பிடிக்கத்தான் டிபிகேஜி.லாக், டெபியன் பொதிகளின் நிறுவல்களைக் குறித்துவைக்கும் கோப்பு. நாள், நேரம், பொதி, பழைய எண், புதிய எண் என்று வரிக்கு வரி, தோட்டத்துக் கிராணி (கணக்கர்) செக்ரோல் (வருகைப் பதிவேடு) எழுதுகிற மாதிரி. போஸ்ட்கிரெஸ் விவகாரம் பிடிபட்டதும் அங்கேதான்: 'அப்கிரேட்' வரியில் தேடிக் கிடைக்காமல் 'இன்ஸ்டால்' வரியில் கண்டுபிடித்தேன். பொதிகளை இறக்கி நிறுவும் ஏபிடியின் ஹிஸ்டரி.லாக்கில் இன்னொரு சௌகரியம்: சூடோ (நிர்வாகி அதிகாரத்தில் கட்டளை ஓட்டும் வழி) போட்டு ஓடவிட்டவர் பெயரும் பதிவாகும். போன தீபாவளிக்கு முந்தைய நாள் யார் அப்கிரேட் செய்தது என்று கேட்டபோது, "நான் இல்ல சித்தப்பா" என்றான் அண்ணன் மகன். கோப்பைத் திறந்து அவன் பயனர்பெயரைக் காட்டினேன். இப்போது அவனுக்குச் சூடோ இல்லை.